நெல்லறுத்த வயலிற் பட்டை உழவு
பயறு, கௌபி, உழுந்து, சோளம் முதலிய வரிசைப் பயிர்களை ஈரம் குன்றுமுன் நடும் முறை

காலபோக அறுவடை முடிந்து, நெல் மூடைகள் வீடு சேர்ந்த பின்னர் உங்கள் வயலுக்கு ஒருமுறை சென்று பாருங்கள். மேலே அரிதாள் காய்ந்து நிற்கும். ஆயினும் அதன் கீழே கைமண்ணைத் தோண்டி எடுத்தால் மண் இன்னும் குளிர்ந்து ஈரமாக இருப்பதைக் காண்பீர்கள். மாரி மழை விட்டுச்சென்ற இந்த ஈரம் கமக்காரனுக்கு விலையின்றிக் கிடைத்த செல்வமாகும். ஆனால் இச்செல்வம் நெடுநாள் தங்குவதன்று. மாசி பிந்திப் பங்குனி பிறந்ததும் வெயில் கடுமையாகும். உலர்வலயத்தில் அக்காலத்து வெயிலும் காற்றும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீரை ஆவியாக்க வல்லன. சில கிழமைகளுக்குள் வயல் வெடித்துக் கல்லாகிவிடும்.

குளத்தில் நீர் போதாத ஆண்டுகளிற் சிறுபோக நெல் விதைக்க முடியாமற் பல வயல்கள் அடுத்த மாரி வரையிற் சும்மா கிடக்கின்றன. குளத்து நீர் கிடைக்கும் இடங்களிலுங்கூட, காலபோக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையிலுள்ள காலம் வீணே கழிகின்றது. இக்காலத்தில் அறுபது அறுபத்தைந்து நாட்களில் விளையும் பயற்றை நட்டு எடுப்பவருக்கு ஒரே காணியில் மேலதிகமான ஒரு விளைவு கிடைக்கும். வீட்டுக்குப் புரத உணவும், கைக்குப் பணமும், மண்ணுக்கு நைதரசனும் சேரும்.

இதனை அறியாத கமக்காரர் இலர். ஆயினும் பலர் முயன்று நட்டமடைந்துள்ளனர். அதற்குரிய காரணத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியொன்றையும் இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்குவோம்.

முழு உழவினால் வரும் நட்டம்

நெல்லறுத்த வயலை முழுவதும் உழுது பயறு விதைப்பதே வழக்கம். சேற்றுழவு செய்து நெல் விளைத்த மண் காயும்பொழுது இறுகிவிடும். அதனை உழுதால் பெருங்கட்டிகளாகப் புரளும். கட்டிகளை உடைக்க இரண்டாம் உழவும் மூன்றாம் உழவும் வேண்டும். ஒவ்வோர் உழவிலும் கீழிருந்த ஈரமண் மேலே வந்து வெயிலிற் காய்கின்றது. நிலம் பண்பட்டுவிட்டது எனக் கருதி விதைக்கும் நாளில், விதை முளைப்பதற்கு வேண்டிய ஈரம் மண்ணில் இருப்பதில்லை. விதை கட்டிகளின் இடையே விழுந்து, மண்ணோடு ஒட்டாமற் கிடந்து, பாதி முளைத்தும் பாதி முளையாமலும் போகும். உழவுக்கூலியும் விதைக்காசும் ஒருங்கே நட்டமாகும்.

2022ஆம் ஆண்டில் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முந்திய 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைப்பட்டபொழுது பட்ட இடரையும் அறிவீர்கள். எரிபொருளையும் பசளையையும் எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகின்றோமோ அவ்வளவுக்குக் கமத்தொழில் உறுதியாக நிற்கும் என்பதை அவ்விரு ஆண்டுகளும் நமக்குக் கற்பித்தன.

பட்டை உழவு என்பது யாது?

வயல் முழுவதையும் உழாமல், விதை விழும் வரிசைகளை மாத்திரம் ஒடுங்கிய பட்டைகளாக உழுது, இடைநிலத்தை அரிதாளுடன் அப்படியே விட்டுவிடுதலே பட்டை உழவாகும். பயற்றுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு வரிசை அமைத்து, ஒவ்வொரு வரிசையிலும் 6 அங்குல அகலத்துக்கு மண்ணைக் கிளறினால், மொத்த நிலத்தில் எட்டில் மூன்று பங்கு மாத்திரமே உழப்படும். எஞ்சிய ஐந்து பங்கும் கிளறப்படாமல் ஈரத்தைக் காத்துக் கிடக்கும்.

இம்முறை அமெரிக்க ஐக்கிய நாட்டிற் சோளமும் சோயா அவரையும் பயிரிடும் பெருநிலங்களிற் கையாளப்படுகின்றது. அங்கே பனிக்காலம் கழிந்த இளவேனிலில் மண் குளிர்ந்தும் நனைந்தும் இருக்கும். அதன்மேல் முன்பயிரின் சருகு மூடிக்கிடந்தால் மண் சூடேறத் தாமதமாகும். ஆகவே வரிசையை மாத்திரம் வெளியாக்கிக் கிளறி, அந்த இடத்தை விரைவிற் சூடேறச் செய்து விதைக்கின்றனர். நமது நாட்டில் மண்ணுக்குச் சூடு குறைவில்லை, குறைவது ஈரமே. எனவே அங்கே மண்ணைச் சூடாக்குதற்குப் பயன்படும் முறை, இங்கே ஈரத்தைக் காத்தற்குப் பயன்படுகின்றது. நம்மை ஒத்த நெல்விளை நாடாகிய வங்காளதேசத்தில், இருசக்கர உழவு யந்திரத்தின் சுழற்கத்திகளிற் சிலவற்றைக் கழற்றிவிட்டு, பயறு, பருப்பு, கோதுமை ஆகியவற்றை இவ்வாறு நெல்வயலில் நட்டு வருகின்றனர்.

"அகல உழுவதிலும் ஆழ உழு" என்னும் பழமொழியை அறிந்த முதியோர், இவ்வாறு ஒதுக்கி ஒதுக்கி உழுதல் சோம்பேறியின் உழவன்றோ என வினவுவர். அப்பழமொழி மேட்டுநிலத்துக்குப் பொருந்தும். நெல்வயலின் நிலை வேறு. வயலில் அரையடி ஆழத்துக்குக் கீழே, பல்லாண்டுச் சேற்றுழவினால் உண்டான வன்படை ஒன்று உண்டு. அடுத்த மாரியில் நெல்லுக்கு நிறுத்தும் நீரைக் கீழே விடாது தாங்குவது அப்படையே. அதனை உடைத்தால் வரும் போகத்தில் நீர் நில்லாது. ஆகவே வயலில் 3 முதல் 4 அங்குல ஆழத்துக்குமேற் கிளறுதல் வேண்டா. மண் ஈரமாக இருக்கும்பொழுது வன்படையும் இளகி இருக்குமாதலால், பயற்றின் வேர் அதனை ஊடுருவி இறங்கும். மண் காய்ந்தபின் விதைத்தால் வேர் இறங்காது. காலத்தில் விதைத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எவ்வயல் ஏற்றது?

அறுவடைக்குப் பின் நீர் தேங்காத வயலே ஏற்றது. மேட்டுப்பாங்கான வயல்களிலும் நடுத்தரமான வயல்களிலும் இம்முறை நன்றாகப் பலிக்கும். பள்ளக்காணிகளில் நீர் வடியாது நின்றால் பயறும் கௌபியும் வேரழுகி மாளும். கோரை செறிந்து கிடக்கும் வயலிலும் முதலில் இதனைத் தொடங்கற்க. இடைநிலம் உழப்படாமையாற் கோரை தடையின்றி வளர்ந்து பயிரை மேவும். அறுவடை யந்திரம் ஈரநிலத்தில் ஓடி ஆழமான தடங்களை உண்டாக்கிய வயலில், அத்தடங்களை மண்வெட்டியால் மூடி மட்டமாக்கிய பின்னரே பட்டை உழவு செய்தல் வேண்டும்.

கட்டாக்காலி மாடுகளைப் பற்றியும் இங்கே கூறுதல் வேண்டும். அறுவடை முடிந்ததும் வயல்வெளியில் மாடுகளை மேயவிடுவது நமது ஊர்களின் வழக்கம். வெளி முழுவதும் வெறுமையாகக் கிடக்க, ஒருவர் மாத்திரம் நடுவே பயறு நட்டால் அப்பயிர் வீடு வந்து சேராது. ஆகவே அறுவடைக்கு முன்னரே உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இவ்விடயத்தை எடுத்துப் பேசுங்கள். அடுத்தடுத்த வயற்காரர் ஒன்றுகூடி ஒரே தொடர்ச்சியாக நட்டால் வேலியும் காவலும் இலகுவாகும். மாடு வளர்ப்போருக்கு மேய்ச்சலுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி விடுதலும் நியாயமாகும்.

ஈரத்தை அறியும் முறை

உழும் நாளைப் பஞ்சாங்கம் தீர்மானிப்பதன்று; மண்ணே தீர்மானிக்கும். வயலின் நாலைந்து இடங்களில் 3 அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுகப் பிசைந்து உருண்டையாக்குங்கள். விரல்களில் நீர் கசிந்தாலோ, மண் பசைபோல் ஒட்டினாலோ இன்னும் இரண்டொரு நாள் பொறுத்தல் வேண்டும். உருண்டை நன்றாகப் பிடித்து, இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விட்டதும் உதிர்ந்தால் அதுவே தக்க பதம். உருண்டை பிடியாமற் பொடியாகக் கொட்டினால் காலம் கடந்துவிட்டது. நீர் பாய்ச்ச வழியிருந்தாலன்றி விதைத்தல் ஆகாது.

இப்பதம் சில நாட்களே நிற்கும். ஆகவே விதை, பசளை, யந்திரம், கூலியாள் ஆகிய யாவற்றையும் அறுவடைக்கு முன்னரே ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும். பதம் வந்தபின் விதை தேடிப் புறப்படுபவர் ஈரத்தை இழப்பார்.

அரிதாளும் வைக்கோலும்

வைக்கோலை எரிக்காதீர்கள். எரிக்கும்பொழுது அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும்; ஈரத்தைக் காக்கும் போர்வையும் அழியும். யந்திரம் வரிவரியாகக் கொட்டிச்சென்ற வைக்கோலைக் கவர்த்தடியால் வாரி ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரிதாள் மிக உயரமாக நின்றால் அரையடி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். விதை முளைத்து வரிசை தெரிந்தபின், எடுத்துவைத்த வைக்கோலை இடைநிலத்தில் மெல்லியதாகப் பரப்புதல் வேண்டும். வைக்கோலை மண்ணோடு கலந்து உழுதால், அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாம் எடுத்துக்கொள்ளும்; இளம்பயிர் மஞ்சளிக்கும். மேலே பரப்பினால் அத்தீங்கு இல்லை.

உழும் முறை

இருசக்கர உழவு யந்திரம் உள்ளோர் பின்வருமாறு செய்க. யந்திரத்தை நிறுத்தி, அது முற்றாக ஓய்ந்த பின்னரே சுழற்கத்திகளைத் தொடுதல் வேண்டும். 24 அங்குல அகலமுள்ள சுழற்கலப்பையில் இரண்டு தொகுதிக் கத்திகளை மாத்திரம் விட்டு ஏனையவற்றைக் கழற்றிவிடுங்கள். ஒரு தொகுதியின் நடுவுக்கும் மற்றைத் தொகுதியின் நடுவுக்கும் இடையே 16 அங்குலம் இருத்தல் வேண்டும். தொகுதிக்கு நான்கு கத்திகள் போதும். அவற்றின் வளைவு ஒன்றையொன்று நோக்கி உட்புறமாக இருக்குமாறு பூட்டினால், கிளறிய மண் வெளியே சிதறாமற் பட்டையிலேயே விழும். இரு பக்கத்திலும் கத்திகளின் தொகை சமமாக இருத்தல் வேண்டும். இல்லாவிடின் யந்திரம் அதிரும். கழற்றிய கத்திகளையும் ஆணிகளையும் ஒரு பையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த போகச் சேற்றுழவுக்கு அவை வேண்டும்.

முதலாவது ஓட்டத்தை வயலின் நீண்ட வரம்பை ஒட்டிக் கயிறு கட்டி நேராகச் செலுத்துங்கள். முதல் வரிசை கோணினால் எல்லா வரிசைகளும் கோணும். இரண்டாவது ஓட்டத்தில், முன் ஓடிய கடைசிப் பட்டையிலிருந்து 16 அங்குலம் தள்ளி அடுத்த பட்டை விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சில்லுகள் உழுத பட்டையின்மேல் ஏறாதிருத்தல் முக்கியம்.

யந்திரம் இல்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. மாட்டு ஏர் உள்ளோர் ஒரே சாலில் இருமுறை கலப்பையை ஓட்டினால் வேண்டிய பட்டை கிடைக்கும். கால் ஏக்கர் வரையுள்ள காணியைக் கயிறும் மண்வெட்டியும் கொண்டே செய்து முடிக்கலாம்.

விதைப்பு

காலையில் உழுத பட்டையில் அன்று மாலைக்குள் விதைத்துவிடுதல் வேண்டும். இம்முறையின் முழுப்பயனும் இந்த ஒரு விதியிலேயே தங்கியிருக்கின்றது. உழுத பட்டையை ஓரிரவு திறந்து விட்டால், முழு உழவில் இழந்த ஈரத்தைப் பட்டையிலும் இழப்பீர்கள்.

விதைப்புக்கு ஒரு கிழமைக்கு முன் நூறு விதைகளை ஈரத்துணியிற் சுற்றி வைத்து, நான்காம் நாள் எண்ணிப் பாருங்கள். எண்பதுக்கு மேல் முளைத்தால் விதை நன்று. குறைந்தால் வேறு விதை தேடுங்கள்.

பயறு: வரிசைக்கு வரிசை 16 அங்குலம், வரிசையில் 4 அங்குலத்துக்கு ஓரிடத்தில் இரண்டு விதை. ஏக்கருக்கு 12 கிலோ வரையில் வேண்டும். முளைத்து இரண்டு கிழமையில் இடத்துக்கு ஒரு செடியாகக் கலைத்துவிடுங்கள்.
கௌபி: வரிசைக்கு வரிசை 16 அங்குலம், செடிக்குச் செடி 6 அங்குலம்.
சோளம்: வரிசைக்கு வரிசை 2 அடி; செடிக்குச் செடி 1 அடி. பட்டையின் அகலம் 8 அங்குலம். சோளத்துக்கு ஈரம் மாத்திரம் போதாது. நீர் பாய்ச்ச வசதி உள்ளவர்களே அதனை நடுதல் வேண்டும்.

பயற்றையும் கௌபியையும் ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஆழத்தில் இடுங்கள். மேல்மண் சற்று உலர்ந்திருந்தால் இரண்டு அங்குலம் வரையிற் போகலாம். விதையை மண்ணால் மூடியபின் காலால் மெல்ல மிதித்து விடுங்கள். விதையும் ஈரமண்ணும் ஒட்டினாலன்றி முளைப்பு ஒருசீராக வராது. மயில்கள் மிகுந்த இடங்களில் விதைத்த நாள் முதல் முளை உரமாகும் வரையிற் காவல் வேண்டும்.

பசளை

பட்டை உழவிற் பசளையை வயல் முழுவதும் வீசுதல் வீண். உழாத இடைநிலத்தில் விழும் பசளை களைக்கே உதவும். பட்டையினுள், விதையிலிருந்து இரண்டு அங்குலம் விலகி, சற்று ஆழமாக இடுங்கள். விதையோடு ஒட்டி இட்டால் முளை கருகும். பயற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஆக்கிக் கொடுப்பதால், அதற்கு யூரியா மிகக் குறைவாகவே வேண்டும். உங்கள் மண்ணுக்குரிய அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து இடுங்கள். கூட்டெரு இருந்தால் அதனையும் பட்டையிலேயே இடுதல் சிக்கனமாகும்.

களையும் பூச்சியும்

இம்முறையிற் கமக்காரனுக்கு உள்ள பெரிய பொறுப்பு களையெடுப்பாகும். முழு உழவு செய்தால் உழவே முதற்களையை அழித்துவிடும். இங்கே அவ்வுதவி இல்லை. நெல்லின் மறுதாம்பும், உதிர்ந்த நெல்லும், புல்லும் இடைநிலத்தில் முளைத்து உங்கள் ஈரத்தைக் குடிக்கும். ஆகவே விதைத்த இரண்டாம் கிழமையில் ஒருமுறையும், நான்காம் கிழமைக்குள் இன்னொருமுறையும் களையை மண்மட்டத்திற் செதுக்கி அங்கேயே போட்டுவிடுங்கள். ஆழக் கொத்தாதீர்கள், கொத்தினால் ஈரம் வெளியேறும். பூக்கத் தொடங்கியபின் வயலுக்குள் இறங்கிக் களையெடுத்தல் பூவை உதிர்க்கும்.

இளம் பயற்றையும் கௌபியையும் முதற் கிழமைகளில் அவரை ஈ தாக்கும். அரிதாளின் இடையே முளைக்கும் பயிரில் அதன் தாக்குதல் குறைவு என்பது ஆராய்ச்சிகளிற் காணப்பட்டுள்ளது. இதுவும் அரிதாளை அழியாது விடுவதன் பயன்களில் ஒன்று. இலை மஞ்சட்புள்ளியடித்துச் சுருங்கும் செடிகளைக் கண்டவுடன் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்; வெள்ளை ஈ அந்நோயை ஏனைய செடிகளுக்குப் பரப்பும்.

மழையும் நீரும்

பங்குனி, சித்திரை மாதங்களில் மாலைவேளையில் இடியுடன் மழை பெய்வதுண்டு. அது பயிருக்கு நன்மையே. ஆனால் வயலில் நீர் நின்றால் ஓரிரு நாளிலேயே கேடு விளையும். விதைக்குமுன் வயலைச் சுற்றி வரம்போரமாக அரையடி ஆழமான வாய்க்கால் ஒன்று வெட்டி, தாழ்ந்த மூலையில் வரம்பைத் திறந்து வையுங்கள். மழையின்றிப் போனால், பூக்கும் காலத்திலும் காய் முற்றும் காலத்திலும் ஒவ்வொரு முறை நீர் பாய்ச்சுதல் விளைவைக் காக்கும். கிணறோ குளமோ உள்ளோர் அவ்விரு வேளைகளுக்கும் நீரைச் சேமித்து வைத்தல் வேண்டும்.

மரக்கறிப் பயிர்கள்

நாற்று நடும் மரக்கறிகளுக்கும் இம்முறை பொருந்தும். மிளகாய்க்கு 2 அடிக்கு ஒரு பட்டையும், கத்தரிக்கு 3 அடிக்கு ஒரு பட்டையுமாக உழுது, கூட்டெரு இட்டு, மாலையில் நாற்று நடுங்கள். பூசணிக்குப் பட்டையும் வேண்டா. குழிகளை மாத்திரம் வெட்டி, ஏனைய நிலத்தை வைக்கோலால் மூடிவிட்டால் கொடி அதன்மேற் படரும். வெங்காயத்துக்கு இம்முறை ஏலாது. அது சில அங்குல இடைவெளியில் நெருங்கி நடப்படுவதால் பாத்தி முழுவதும் பண்படுத்தல் அவசியம். கச்சான் மண்ணுக்குள்ளே காய்ப்பதால், இறுகிய களிவயலிற் பட்டை உழவு அதற்குப் போதாது.

முதன்முறை செய்வோருக்கு

எங்கள் சொல்லை நம்பி வயல் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றிவிடாதீர்கள். ஒரே மண்ணுள்ள இரண்டு கால் ஏக்கர்த் துண்டுகளைத் தெரிந்து, ஒன்றில் உங்கள் வழக்கப்படி முழு உழவும், மற்றதிற் பட்டை உழவும் செய்யுங்கள். ஒரே விதையை, இயன்றவரை ஒரே கிழமையில் இடுங்கள். உழவுக்கூலி, டீசல், விதை, களைக்கூலி ஆகியவற்றை ஒரு கொப்பியில் இருபக்கமாக எழுதி வாருங்கள். முளைத்த பத்தாம் நாள் பத்தடி வரிசையில் நிற்கும் செடிகளை இரு துண்டிலும் எண்ணுங்கள். இறுதியில் விளைந்த பயற்றை நிறுத்துப் பாருங்கள். களைக்கூலி உயர்ந்து உழவுக்கூலி குறைந்திருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்த பின்னரே இலாபத்தைக் கணிக்க வேண்டும். அக்கணக்கு எந்தப் போதனையிலும் மேலான போதனையாகும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. அறுவடைக்கு முன்னரே விதையையும் ஆளையும் ஆயத்தம் செய்க.
2. வைக்கோலை எரிக்கற்க.
3. மண் உருண்டை பிடித்து உதிரும் பதத்தில் உழுக.
4. பட்டை 6 அங்குல அகலம். ஆழம் 4 அங்குலத்துக்கு மேற்படாதிருக்கட்டும்.
5. உழுத அன்றே விதைத்து, மூடி, மிதித்துவிடுக.
6. பசளையைப் பட்டையில் மாத்திரம் இடுக.
7. நான்கு கிழமைக்குள் இருமுறை களை செதுக்குக.
8. நீர் தேங்க விடற்க.

மாரி தந்த ஈரம் மறு மாரி வரையிற் காத்திராது. வெயில் குடித்துவிடுமுன் அதனைப் பயறாக மாற்றிக்கொள்ளுதல் உங்கள் கையிலேயே உள்ளது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ, கமநல சேவை நிலையத்தையோ அணுகுவார்களாக.